ஆயிரம் கஜத்துக்கு எந்தப் பெட்டி?

ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு துப்பாக்கிகள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ரவைகள். சுடுபவரும் ஒருவரே. முந்நூறு கஜ தூரத்தில் ஒரு துப்பாக்கி ஐந்து துளைகளையும் ஒரு பிஸ்கட்டின் அளவுக்குள் போடுகிறது. மற்றது சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குப் பரத்திவிடுகிறது. ஏன்?

நான் கணிதம் படித்தவள். துப்பாக்கிக் கடையின் கவுண்டரில் நின்ற காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். குழல் அதிருவதைப் பற்றிச் சொன்னார்கள், வெடிமருந்து எரியும் வேகத்தைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாமே நடந்து முடிந்ததற்கான விளக்கங்கள். பெட்டியைக் கையில் எடுக்கும்போதே "இது உங்கள் துப்பாக்கிக்குப் பிடிக்கும்" என்று நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. என்னாலும் முடியாது.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அந்த வேலையை விட்டேன். இப்போது என் இடத்தில் நிற்பவள் கீர்த்தனா. போன மாதம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, புதுசா தொடங்கிற ஆக்கள் வந்து பெஸ்ட் ஒண்டைத் தாங்கோ எண்டு நிக்கினம். எதைக் குடுக்கிறது? இனி ஒன்லைன்லயே பதிஞ்சுபோட்டு வந்து எடுக்கலாமாம். கவுண்டர்ல கதைக்கவே நேரம் இராது." அவளுக்குச் சொன்னதை விரிவாக எழுதினால் என்ன என்று தோன்றியது. எங்கள் ஆட்களிலும் இப்போது சிலர் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள்.

கடை தெற்கு லண்டனின் விளிம்பில், குறொய்டனையும் தாண்டி இருந்தது. படிப்பு முடிந்து வேலை தேடிய நாட்களில் 'விளையாட்டுப் பொருள் கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்க ஆள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். உள்ளே போன பிறகுதான் எந்த விளையாட்டு என்று தெரிந்தது. பொலிஸின் பின்னணி விசாரணை, சட்டம், பாதுகாப்பு என்று பயிற்சியிலேயே முதல் வருடம் போய்விட்டது. அம்மாவுக்குச் சொல்ல எனக்கு அதைவிடக் கூடிய துணிச்சல் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பதுங்கியிருந்தவர் அவர். நவம்பரில் வாணவெடி கேட்டாலே யன்னல்களை இறுக்கிப் பூட்டுவார்.

"உலகத்தில உனக்கு வேற வேலையே கிடைக்கேல்லையோ?" என்றார். மூன்றாம் நாள் லூயிஷாம் சிவன் கோயிலில் யாரோ கேட்டபோது, "மகள் ஸ்போர்ட்ஸ் கடையில" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் எனக்குத் தொல்லை. பட்மின்ரன் மட்டை மலிவாக எடுத்துத் தர ஏலுமா என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

கடையை நடத்தியவர் ஹெலன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கைகள் இரண்டும் எப்போதும் ஜக்கெற் பைக்குள் இருக்கும். சத்தமாகப் பேசியதை நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்படித் தெரியும்?" தேநீர் ஆறிவிட்டது என்றால்கூட அதையே கேட்பார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். (அவர் பேசியது ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.)

புதிதாக வருபவருக்கு ரவையைத் தெரிவுசெய்வதற்கு ஹெலன் ஒரு முறை வைத்திருந்தார். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ரவை என்பது முழுப்பொருள்: பித்தளைக் கோது, உள்ளே மருந்து, நுனியில் சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும்தான். முதலில் துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். பெட்டியில் உள்ள அளவு அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்தினால் போதாது. அடுத்தது குழலின் உள்ளே ஓடும் புரி. அந்தப் புரிதான் சன்னத்தைச் சுழலவைத்து நேராகப் பறக்கச் செய்கிறது. நீண்ட, பாரமான சன்னத்துக்கு இறுக்கமான புரி வேண்டும். குழலில் அது எழுதியிராவிட்டால், துப்பரவு செய்யும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியில் ஓர் அடையாளம் இட்டு, மெதுவாகத் தள்ள வேண்டும். அடையாளம் ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்வரை கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிற்று என்று அளந்தால் புரி தெரிந்துவிடும். துணி வழுக்கினால் அளவு பிழைக்கும். ஆகவே திரும்பத் திரும்ப அளப்போம்.

அதன்பிறகு, எவ்வளவு தூரம் சுடப்போகிறார் என்ற கேள்வி. ஆட்கள் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த வேகம் ஒவ்வொரு ரவைக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். முந்நூறு கஜத்தில் சின்ன வேறுபாடு தெரியவே தெரியாது. ஆயிரம் கஜத்தில் அதே வேறுபாடு இலக்கையே தவறவிடும். போட்டிக்கென்று செய்த இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி, குழலை ஆறவிட்டு, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். எது நெருக்கமாகப் போடுகிறதோ அதை, அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில், அந்தப் பருவத்துக்குப் போதுமான அளவு வாங்க வேண்டும்.

கடைசியாக, வாசித்தல். பெட்டியை விற்கும்போது நான் அதன் மேலுள்ளதை உரத்து வாசிப்பேன்: துப்பாக்கி அளவு, சன்னத்தின் எடை, தொகுதி எண். வாங்குபவர் அதே பெட்டியைக் கையில் எடுத்து எனக்கு உரத்து வாசிக்க வேண்டும். பெரிய மனிதர்களுக்கு இது வெட்கமாக இருக்கும். ஹெலன் விடமாட்டார்.

"அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்லுற மாதிரிக் கிடக்கு," என்று முதல் நாளே சிரித்தவர் நகுலன் அண்ணை.

நோர்பரியில் சமையலறைகள் பொருத்தும் தொழில் செய்பவர். இளவயதில் அகதியாகச் சுவிஸுக்குப் போய், அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். சுவிஸில் அவர் இருந்த கிராமத்தில் எல்லாரும் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருந்தார்களாம். ஒரு மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்த தன்னை, அங்கே படுத்து முந்நூறு மீற்றர் சுட்டபிறகுதான் ஊரவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொன்னார். லண்டனில் அவர், ஹெலன் கடையோடு சேர்த்து நடத்திய சுடும் கழகத்தில் சேர்ந்து, .308 அளவில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி, நீண்ட தூரம் சுட ஆசைப்பட்டார். அதற்கு ஹெலனின் அனுமதி வேண்டும். ஆயிரம் கஜத்தில் ஒரு சூடும் இலக்கைத் தவறவிடாமல் சுட்டுக் காட்டினால்தான் அது கிடைக்கும்.

"அங்க எல்லாருக்கும் ஒரே ரவைதான் பிள்ளை. சங்கத்தில தருவாங்கள், சுடுவம். இஞ்ச என்னடா எண்டால் புடைவைக் கடை மாதிரி ஆயிரம் வகை!"

"அதுக்குத்தானே அண்ணை அளக்கிறம்," என்றேன்.

"கிச்சின் பூட்டுறவனுக்கு அளவு சொல்லித் தாறீரோ?" என்றார். ஆனால் கம்பியைத் தள்ளும்போது மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரிடம் வேறொரு கடையில் முன்பே வாங்கிய ரவைகள் இருந்தன. 168 கிறெயின் (சன்னத்தின் எடை அளவு), நாங்கள் விற்கும் அதே கம்பெனியின் போட்டித் தரம். முந்நூறு கஜத்துக்கு அருமையானது. ஆனால் ஆயிரம் கஜத்தை நெருங்கும்போது அந்தச் சன்னத்தின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அப்போது அது தடுமாறி, பக்கவாட்டாகத் திரும்பிவிடும். அந்தத் தூரத்துக்கென்றே செய்த 155 கிறெயின் சன்னம் கடைசிவரை வேகத்தைத் தக்கவைக்கும். சுட்டுப் பார்த்தோம். அவருடைய துப்பாக்கிக்கும் அது பிடித்திருந்தது. "பழையதைக் கிட்டத் தூரத்துக்கு வைச்சிருங்கோ. ஆயிரத்துக்கு இது மட்டும்," என்று சொன்னேன். தலையாட்டினார்.

அவர் அந்த 155 பெட்டிகளை வாங்க வந்த நாள்தான் பிரச்சினை.

மூத்தவன் ஆதி அப்போது கைக்குழந்தை. மகப்பேற்று விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இரவில் அவன் என்னைத் தூங்க விடுவதில்லை. நகுலன் அண்ணைக்குப் பெட்டியை எடுத்து வைத்து வாசிக்கத் தொடங்கினேன். அம்மாவின் அழைப்பு வந்தது. ஆதிக்குக் காய்ச்சல். என்ன மருந்து, எவ்வளவு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அண்ணை பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு, "நீர் பிள்ளையைப் பாரும், நான் வாறன்," என்று சொல்லிப் புறப்பட்டது நினைவிருக்கிறது. இடையில் நான் வாசித்து முடித்தேனா, அவர் வாசித்தாரா என்பது நினைவில் இல்லை. அன்று அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. காய்ச்சல் மாலையிலேயே இறங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஹெலனின் வான் வண்டியில் கிராமப்புறத்திலிருந்த பெரிய ரேஞ்சுக்கு, அதாவது சுடுதளத்துக்கு, போனோம். நகுலன் அண்ணை எங்களுக்கு முன்பே வந்து ஈரப் புல்லில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். என் வேலை பின்னாலிருந்த மரக் குடிலில்: ரவை கொண்டுவராதவர்களுக்கு வழங்குவது, பதிவது, கையடக்க வானொலியில் இலக்குப் பக்கமிருந்து வரும் முடிவைக் குறிப்பது. அங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கை இறக்கி, துளையைப் பார்த்து, அடையாளம் வைத்து மேலே ஏற்றுவார்கள்.

முந்நூறில் எல்லாம் சரி. நல்ல வட்டம். பிறகு ஆயிரத்துக்குப் பின்வாங்கினோம்.

முதல் சூடு கறுப்பு வட்டத்துக்குள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு இலக்கு இறங்கவே இல்லை. வானொலியில், "எதுவும் காணவில்லை." நான்காவது கறுப்பின் ஓரம். ஐந்தாவது வெள்ளையின் அடியில். "துளை வட்டமாக இல்லை. நீளமாக இருக்கிறது. சன்னம் பக்கவாட்டாக வந்திருக்கிறது." ஆறாவது மீண்டும் காணவில்லை.

ஹெலன் கையை உயர்த்தினார். எல்லாரும் நிறுத்தினார்கள். இலக்குகளுக்குப் பின்னாலிருந்த மண்மேடு மிகப்பெரியது, ஆபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் எங்கே போகிறது என்று தெரியாத சூட்டை எந்த ரேஞ்சும் தொடர விடாது.

அவர் குடிலுக்கு வந்தார். காதுக் கவசம் கழுத்தில் தொங்கியது.

"அவருக்கு என்ன பெட்டி கொடுத்தாய்?"

"155."

"எப்படித் தெரியும்?"

இருப்பில் 168 பெட்டிகளும் இருந்தன. அதே கம்பெனி, அதே நிற அட்டை, பக்கத்துப் பக்கத்துத் தட்டு. ஆதியின் காய்ச்சல். தொலைபேசியைக் கன்னத்தில் இடுக்கிக்கொண்டு எந்தத் தட்டிலிருந்து எடுத்தேன்?

"அவருக்கு வாசித்தாயா?"

"வாசித்தேன் என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறாய்," என்றார் ஹெலன். அதில் கோபம் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் மனத்துக்குள் வேலையை விட்டுவிட்டேன், பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், அம்மா கோயிலில் என்ன சொல்வார் என்பதுவரை போய்விட்டேன். அதைவிட மோசமாக இருந்தது, புல்லில் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த நகுலன் அண்ணையின் முகம். தன் கையில்தான் பிழை என்று அவர் நம்பிவிட்டார். அந்த மனிதரின் அனுமதி என்னால் போகப்போகிறது.

ஹெலன் அவரைக் கூப்பிட்டார். அண்ணை ரவைகளை வைத்திருந்த பிளாஸ்ரிக் பெட்டியோடு வந்தார். சுடுபவர்கள் எல்லாரும் பாவிக்கும், ஒவ்வொரு ரவைக்கும் ஒரு குழியுள்ள பெட்டி.

"கடையில் தந்த அட்டைப்பெட்டி எங்கே?"

"எறிஞ்சிட்டன்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "ஏன், வேணுமே?"

நான் ரவைகளை எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினேன். அடியில் பொறித்த எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றே. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றின் நுனி ஊசியாகச் சரிந்திருந்தது. இடையிடையே சிலவற்றின் நுனி கொஞ்சம் மழுங்கலாக இருந்தது. ஹெலன் வானிலிருந்து தராசைக் கொண்டுவந்தார். மழுங்கல் நுனி உள்ளவை எல்லாம் பாரமாக இருந்தன.

இரண்டு வகை கலந்திருந்தது. ஆனால் யார் கலந்தது?

"அண்ணை," என்றேன். "வீட்டில இதை எதுக்குள்ள வைச்சிருந்தனீங்கள்?"

"இரும்புப் பெட்டகத்துக்குள்ளதான். பூட்டித்தான் வைச்சனான்."

"பெட்டகத்துக்குள்ள எதில?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஐஸ்கிறீம் டப்பாவில."

"பழசை?"

"பழசையும் அதுக்குள்ளதான் போட்டனான். பெட்டகத்தில இடம் இல்லைப் பிள்ளை. அந்த மட்டைப் பெட்டியள் இடத்தை அடைக்குது. எங்கட வீடுகளில பருப்பை ஆர் கடைப்பையோட வைச்சிருக்கிறது? எல்லாம் டப்பாதானே." அதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. தலையில் கைவைத்தார். "ஐயோ. நீர் சொன்னனீர்தான். ஆயிரத்துக்கு இது மட்டும் எண்டு சொன்னனீர். எனக்கு .308 எண்டால் எல்லாம் .308 எண்டுதான் மண்டைக்குள்ள. சுவிஸ்காரன் என்னைப் பழுதாக்கிப்போட்டான்!"

நான் சிரித்தேன். அழுகையும் வந்தது. கலந்தது நானல்ல. அவரிடம் முன்பு இல்லாத ஊசி நுனிகள்தான் நான் கொடுத்த 155. மழுங்கல் நுனி எல்லாம் அவருடைய பழைய இருப்பு.

ஹெலனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஐஸ்கிறீம் டப்பா என்ற இடத்தில் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அண்ணையைப் பார்த்தார். அண்ணை சாக்குப்போக்குச் சொல்லவில்லை. "என் பிழை. இவர் சரியாகத்தான் சொன்னார்," என்று நேரே ஆங்கிலத்தில் சொன்னார்.

கலந்த ரவைகளில் எதையும் அன்று சுடக்கூடாது, பிரித்தெடுத்ததையும்கூட, என்றார். வீட்டில் மீதியிருப்பதையும் கடைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பிறகு வானிலிருந்து அதே தொகுதி எண்ணுள்ள புதுப் பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

வாசித்தேன். அண்ணை பெட்டியை வாங்கி, மற்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரத்து வாசித்தார். இந்த முறை பகிடி பண்ணவில்லை.

ஹெலன் அவருக்குப் பக்கத்தில் தொலைநோக்கியோடு படுத்தார். முதல் சூடு. இலக்கு இறங்கியது, ஏறியது. கறுப்பு. அடுத்தது கறுப்பு. பிறகு ஒன்று ஓரத்தில். அது காற்று, அவர் காற்றைச் சரியாகக் கணிக்கவில்லை, அதற்கு யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. மறுபடி கறுப்பு. ஒன்றும் காணாமல் போகவில்லை. கடைசித் துளை அறிவிக்கப்பட்டதும் அண்ணை எழும்பவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபடியே கிடந்தார். போய்ப் பார்த்தேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை. இலக்கை இன்னும் கொஞ்சம் பாத்திட்டு எழும்புறன்," என்றார்.

ஹெலன் அனுமதி கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் வானில் அவர் சொன்னார்: "நீ 'வாசித்தேன்' என்று சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் பிறகு நீ சொல்வது எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்." அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா வழக்கம்போல முதலில் கேட்டது, "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்றுதான். இல்லை என்றேன். ஆதி அவர் தோளில் நித்திரை. அன்றைக்கு அந்த "இல்லை"யைச் சொல்ல எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது.

கீர்த்தனாவுக்கு நான் சொன்னது இவைதான். வருபவர் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் பெஸ்ட் எதுவென்று கேட்டால் பதில் சொல்லாதே. தூரத்தைக் கேள். ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார் என்று கேள், அதை எதற்குள் வைத்திருக்கிறார் என்றும் கேள். ரவைகள் தம் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராமல் இருக்கட்டும். அதில்தான் அவற்றின் பெயர் இருக்கிறது. ஒன்லைனில் பதிந்தவர் பெட்டியை எடுக்க வரும்போதும் வாசிக்கச் சொல். வெட்கப்பட்டால் வெட்கப்படட்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். என் சொந்த விஷயத்தில்தான் முடிவெடுக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் திரும்பி வருவாயா என்று ஹெலன் கேட்டிருக்கிறார். அம்மா, "நான் ரெண்டு பேரையும் பாக்கிறன், நீ போ," என்கிறார். எனக்கும் போக விருப்பம். ஆனால் சின்னவள் இன்னும் இரவில் எழும்புகிறாள். அன்று பிழை என்னுடையதாக இருக்கவில்லை. ஆனாலும் நான் வாசித்தேனா இல்லையா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. நித்திரையில்லாத ஒருத்தியின் கையில் அந்தப் பெட்டிகளைக் கொடுக்கலாமா, அல்லது இது வெறும் பயமா?

மருந்துக் கடையில், ஆஸ்பத்திரியில், பஸ் ஓட்டும் வேலையில், பிழை விடக்கூடாத ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு கைக்குழந்தை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். வேலைக்குத் திரும்பலாம் என்று எதை வைத்துத் தீர்மானித்தீர்கள்? பிள்ளை விடியும்வரை தூங்கத் தொடங்கிய பிறகா, அதற்கு முன்பா? முன்பென்றால், உங்களை நீங்களே எப்படிச் சரிபார்த்தீர்கள்? இந்த மாத முடிவுக்குள் நான் ஹெலனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.